தண்ணீர் கேட்காத பூக்கள்

நான் சங்கரன்கோவிலுக்கு மருமகளாக வந்த மறுவாரம், மாமனார் புறவாசலில் நின்ற மல்லிகைக் கொடியை வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே வீசினார். "குடிக்கவே தண்ணி இல்ல. இதுல பூவுக்கு ஊத்துதாளாம்" என்றார். கொடியை வைத்தவர் என் ஓரகத்தி, அந்த வீட்டின் மூத்த மருமகள்; நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குழியைக் காலால் மூடினார். அவர் கணவர் வளைகுடாவில் இருந்தார். ஊருக்கு வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சிவகிரியிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போகக் கேட்கும்போதெல்லாம், "அவன் வரட்டும், சேந்து போங்க" என்பார் மாமனார். போனில் கணவரும் அதையே சொல்வார்.

புறவாசலில் நிழலே கிடையாது. காலையில் விழும் வெயில் பொழுது சாயும்வரை அகலாது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கள் இருவருக்கும் வானம் என்று இருந்தது அந்த மதில்களுக்கு மேலே தெரிந்ததுதான். திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் காய்ந்து தொங்கிய ஆவாரை நெற்றுகளை அக்கா பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "தண்ணி கேக்காத பூவ வச்சா யாரு என்ன சொல்ல முடியும்?" என்றார். விதைகளைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினார். கூடவே தும்பையும் விஷ்ணுகிராந்தியும் தாமாக முளைத்தன; களையென்று அவர் பிடுங்கவில்லை. மழை நின்றபின் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆவாரை ஆள் உயரத்தைத் தாண்டிய கோடையில், தெருவெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கள் புறவாசல் மட்டும் மஞ்சளாக நின்றது. அதன் முன்னால் அக்கா சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

பிறகு மாமனாருக்குச் சர்க்கரை வந்தது. ஆவாரம்பூக் கஷாயம் நல்லது என்று யாரோ சொல்ல, விடிந்ததும் பூப் பறித்துக் கொதிக்க வைப்பதும் அக்காவின் வேலையாயிற்று. சொந்தக்காரர்களுக்கும் பை பையாகப் போயிற்று. செடியில் பூ தங்கவே இல்லை. அக்காவின் தம்பி அழைத்துப்போக வந்து நின்றபோது மாமனார் கேட்டார்: "இவ போயிட்டா எனக்குப் பூ யாரு பறிப்பா?"

கதவோரம் நின்ற நான் சொல்லிவிட்டேன். "நான் பறிக்கேன் மாமா. அக்கா போயிட்டு வரட்டும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நன்றியைவிடப் பயமே அதிகம் இருந்தது.

அன்று போனவர் திரும்பி வரவில்லை. சிவகிரியில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். பூப் பறிப்பது இப்போது என் வேலை. போன வாரம் போனில், "ஏட்டி, செடியில பூ நிக்கா?" என்று கேட்டார்.

"எங்க நிக்க விடுதாக, அக்கா?"

"உச்சிக் கிளைய விட்டுரு. எட்டலன்னு சொல்லு" என்றார்.

அப்படியே விட்டேன். கஷாயத்தைக் குடித்துக்கொண்டே மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "உச்சியில அம்புட்டுப் பூ நிக்கு?"

"எட்டல மாமா."

"ஸ்டூலப் போட்டுப் பறி."

சரி என்றேன். ஸ்டூல் இன்னும் அடுக்களையில்தான் கிடக்கிறது.