புல் பிடித்த மேடு

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு மண்மேடு செங்குத்தாக நிற்கிறது. காம்பரா என்கிற ஒரே அறைக்குள் நாங்கள் நான்கு பேர். வெளிச்சமும் அந்த மேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டம் என்றால் டவுன் ஆட்கள், "பச்சைப்பசேல்னு இருக்குமே" என்பார்கள். அந்தப் பச்சைக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்!

மேட்டில் முளைக்கிற எதையும் நான் பிடுங்க விடுவதில்லை. அடியில் ஈரத்தில் வல்லாரை. சம்பல் போட்டால் அன்றைய கறி முடிந்தது. நடுவில் குப்பைமேனி, மகளுக்குச் சொறி வந்தபோது மஞ்சளோடு அரைத்துப் பூசியது அதைத்தான். மேலே அருகம்புல்லும் தொட்டாச்சிணுங்கியும். தொட்டாச்சிணுங்கியால் என்ன பயன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பிடுங்கப் போனால் வரமாட்டேன் என்று மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிடிவாதக்காரர்களை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்த காம்பரா அக்காவுக்கு இது பொறுக்காது. "பாம்பு வந்து பாயில படுக்கப் போகுது பாரு. ஒன் வீட்டுக்காரரு மலையில புல்லு வெட்டி சம்பாதிக்கிறாரு, நீ வீட்டுல புல்லு வளக்குற!" என்பார். உண்மைதான், தேயிலை மலையில் புல் வெட்டுவதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொழில். தீபாவளிக்கு முன்னால் அக்கா சொரண்டியை எடுத்துத் தன் பக்கத்து மேட்டை ஒரு புல்பூண்டு இல்லாமல் வழித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரரும் சொரண்டியைத் தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் கீழே வைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்ததும் மழை பிடித்தது. மண் சரியும், வெளியேறுங்கள் என்று போனில் செய்தி வந்தது. எங்கே போவது என்று அதில் இல்லை. பாதையில் மரம் விழுந்து பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. எல்லோரும் காம்பராவுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். ஒரு பின்னேரம் அக்கா வீட்டார் எங்கள் வாசலில் பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் அடுப்படிமேல் மேடு இறங்கியது. சுவர், அடுப்பு, சட்டி பானை எல்லாம் செம்மண்ணுக்குள் போய்விட்டன. எங்கள் பக்கம் ஒரு பிடி மண்கூட விழவில்லை. சரிவு அந்தத் தொட்டாச்சிணுங்கி ஓரம்வரை வந்து நின்றிருந்தது. அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை விட்டதும் அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அக்கா வீட்டாருக்கு ரோட்டோரமாகக் காணியும் வீடும் கிடைக்கும் என்றார். எங்கள் பக்கம் வந்து புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மெத்தன பிரஷ்ணயக் நே" என்றார். இங்கே பிரச்சினை இல்லையாம்! ஒரே மேடு, ஒரே லயம், எங்களை மட்டும் ஏன் விடுகிறீர்கள் என்று நானும் சிங்களத்திலேயே சண்டை பிடித்தேன். சேதமான வீட்டுக்குத்தான் வீடு, உங்கள் பக்கம் விழவில்லையே என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என் கதை.

அக்காவின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனேன். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் ரோடு, ரோட்டுக்கு மேலே வானம். சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. திரும்பி வந்து எங்கள் ஜன்னலைத் திறக்கவே மனம் வரவில்லை.

போன கிழமை மறுபடி வானம் இருட்டியது. என் வீட்டுக்காரர் மம்பட்டியோடு பின்பக்கம் நின்றார். எந்தப் புல் எவ்வளவு மண்ணைப் பிடித்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

"மேல இருக்குறத மட்டும் எடுத்துட்டா போதும்," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "மிச்சத்த மழ பாத்துக்கும். நமக்கும் ஒரு வீடு கெடைக்கும்."

இத்தனை நாளாக ஒரு இலையைத் தொட்டாலும் கத்துகிறவள் நான். அன்றைக்குக் கத்தவில்லை.

"புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்குற நேரத்துல விழுற மாதிரி பாத்துக்கங்க," என்றேன்.