பெரிய டயர் மாட்டிய ஜீப்

போன கோடையில் என் பழைய ஜீப்புக்கு, ஜமுனாமரத்தூரில் வீட்டு வாசலிலேயே நானே பெரிய டயர்களை மாட்டினேன். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது.

மறுநாள் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மனைவி வள்ளியுடன் போளூருக்குக் கிளம்பினேன். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிரேக்கை மிதித்தபோது பெடல் அடிவரை இறங்கிவிட்டது.

"இன்னாங்க, நிறுத்துங்க!" என்று வள்ளி கத்தினாள்.

"நிக்கல, கெட்டியா புடிச்சிக்க!" என்றேன்.

கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பள்ளத்தை விட்டு மலைப்பக்கமாக ஒடித்தேன். ஓரத்து மண்மேட்டில் உரசி வண்டி நின்றது. இருவருக்கும் அடியில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோதெல்லாம் புது டயர் உராய்ந்து, பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை அறுத்திருந்தது.

"வாசல்ல நேராத்தானே ஓட்டிப் பாத்தீங்க?" என்று வள்ளி மெதுவாகக் கேட்டாள்.

இப்போதும் வேலையை நானேதான் செய்கிறேன். ஆனால் எதை மாற்றினாலும், பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்து, கீழே படுத்துக் குழாய்களைப் பார்க்கிறேன். அதன்பிறகும் முதலில் தனியாகவே ஓட்டுகிறேன்.

குழாயை மாற்றி, டயரில் உரசாதபடி கட்டிய அடுத்த வாரமே வள்ளி மறுபேச்சின்றி ஏறி உட்கார்ந்தாள். என்மேல் அவள் வைத்த அந்த நம்பிக்கைதான் இன்றும் எனக்குப் பயம் தருகிறது.