கட்டில் குமிழ் பூட்டிய கார்

1980ஆம் ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்து ஒரு கிழமை, ஏழெட்டு நாள் இருக்கும். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில், கிடுகு வேய்ந்த கொட்டகைக்குள் ஐயாவின் மொறிஸ் மைனர் கார் நிற்கும். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் சிலர் கல்வீடு கட்டினார்கள், சிலர் உழவு இயந்திரம் வாங்கினார்கள். ஐயா கார் வாங்கினார். வாங்கிய காரில் மிளகாய் மூட்டையும் ஏற்றினார். அதனால் எங்கள் காரின் பின் இருக்கையில் முதல் தடவை ஏறிய எவரும் தும்மாமல் இறங்கியதில்லை.

எனக்கு அந்தக் கார் என்றால் உயிர். லைசன்ஸ் எடுத்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. கிளிநொச்சி வாசிகசாலையில் பழைய வெளிநாட்டு மோட்டார்ச் சஞ்சிகை ஒன்றில் பந்தயக் கார் ஒன்றின் உட்புறப் படத்தைப் பார்த்துவிட்டேன். கியர் தடியின் தலையில் வெள்ளிபோல மின்னும் ஓர் உலோக உருண்டை. வீட்டுக்கு வந்து எங்கள் காரைப் பார்த்தால், கொம்பனி போட்டு அனுப்பிய கறுப்புக் குமிழ் கை பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் அழிந்து, பழைய நாவற்பழம் மாதிரி இருந்தது. அன்றைக்கே அதை மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஐயாவிடம் கேட்டால், கியர் விழுகிறதுதானே, பிறகென்ன என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார். அதனால் கேட்கவில்லை.

அம்மாவின் இரும்புக் கட்டிலில் நான்கு மூலைக்கும் நான்கு பித்தளைக் குமிழ்கள். சுவர்ப்பக்கத்துக் குமிழ் ஒன்று இல்லாமற் போனால் யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றினேன். உள்ளே கோறை, வெறும் கூடு. கியர் தடியில் பூட்டுவதற்கு உள்ளே புரி வேண்டும். புரியின் அளவு பார்ப்பதற்காகப் பழைய குமிழைக் கழற்றப் போனேன். அது அசையவில்லை. சுடுதண்ணீர்த் துணி சுற்றிப் பார்த்தேன். எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கடைசியில் பெரிய குறட்டால் பிடித்து ஒரு திருகு திருகினேன். விளாங்காய் உடைந்த மாதிரி இரண்டாகப் போய்விட்டது. இனித் திரும்ப வழியில்லை.

ஐயாவின் தகரப் பேணிக்குள் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தடியில் போட்டுப் பார்த்ததில், பழைய தண்ணீர் இறைக்கும் மெசினில் இருந்து கழற்றிய ஒன்று சரியாகப் புரி பிடித்தது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் குசினி அடுப்பில் பால்மாத் தகரத்தை வைத்து, மீன் வலைக்கென்று கிடந்த ஈயக்குண்டுகளை உருக்கினேன். குமிழுக்குள் நட்டைச் சரியாக நிற்கவைத்துச் சுற்றிவர ஈயத்தை ஊற்றி ஆறவிட்டேன். பிறகு பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தடியில் பூட்டியபோது முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது.

நல்ல பாரம். கையை வைத்து இலேசாகத் தள்ளினால் போதும், கியர் தானாகவே போய் விழுந்தது. என்ன இலகு என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொட்டகைக்குள் நின்ற காரிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஐம்பது தடவையாவது மாற்றிப் பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை மாமியைக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐயாவின் தங்கை. கிணற்றடியில் சறுக்கி விழுந்து காலை முறித்து, ஆறு கிழமையாகப் பிளாஸ்டர் கட்டோடு எங்கள் வீட்டில் கிடந்தார். அன்றைக்குக் கட்டு வெட்டும் நாள். ஐயாவுக்கு வயலில் நெல் அரிவு வெட்டு. காரைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் விடியவே போய்விட்டார். போகும்போது, மாமியின் கால் கவனம் என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாகத் தனியே என்னை நம்பி அவர் காரை விட்ட நாள் அது.

மாமியை இரண்டு பேர் தூக்கித்தான் பின் இருக்கையில் ஏற்ற முடிந்தது. முறிந்த காலை இருக்கை நெடுகிலும் நீட்டி, கதவுக்கு முதுகு கொடுத்து இருந்தார். இன்னொருவர் வந்து தூக்காமல் அவரால் இறங்க முடியாது. இரண்டு தும்மல் தும்மி மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, கட்டிலைக் கழட்டிக் காருக்குப் பூட்டியிருக்கிறாய்? நாளைக்குக் காரைக் கழட்டிக் கட்டிலுக்குப் பூட்டுவியோ?"

வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, நேரம் இருக்கிறதுதானே, இரணைமடுக் குளக்கட்டால் ஒருக்கால் போ என்று கேட்டார். ஆறு கிழமையாக வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். எனக்கும் புதுக் குமிழைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் ஏற வேண்டும் என்ற ஆசை. ஏறினோம்.

அந்த வருடம் குளம் முட்ட நின்றது. அக்கரைக் காடு தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. மாமி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, ஒரு கை தண்ணீர் முகத்தில் பட்டால் போதும் என்றார். குளக்கட்டிலிருந்து தண்ணீர்வரைக்கும் வண்டில்கள் இறங்கும் சரிவான பாதை ஒன்று இருந்தது. அதில் பாதித் தூரம் இறக்கி, மூக்கு தண்ணீரைப் பார்க்கக் காரை நிறுத்தினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காருக்குக் கை பிரேக் பிடிக்காது. பிடிக்காது என்பது எங்களுக்கு ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை. எங்கள் ஊர் விரித்த உள்ளங்கை மாதிரித் தட்டை. குளக்கட்டை விட்டால் ஏற்றமென்று காட்டுவதற்கு வேறு இடம் இல்லை. எங்கே நிறுத்தினாலும் ஐயா கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போவார். கார் நிற்கும். நானும் அப்படியே செய்தேன். இறக்கத்தில் நிற்பதால் றிவேர்ஸில் விட வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரன் அல்லவா. எஞ்சினை நிறுத்தி, றேடியேற்றருக்குத் தண்ணீர் விட வைத்திருந்த தகரக் கானை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினேன்.

பாதிவழியில் திரும்பிப் பார்த்தபோது, துவைத்த துணிப்பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்து வயல்களில் வேலை செய்த குடும்பங்களில் ஒருவர் என்று உடுப்பிலும் நடையிலும் தெரிந்தது. காரடியில் நின்றார். பொட்டலத்தை இறக்கி வைத்தார். பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து முன் சில்லுக்கு முன்னால் வைத்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திரும்பி ஏறிப்போய், என் காரில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை ஒருமையில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"எறக்கத்துல நிக்குதுங்க தம்பி. கல்லு வைக்காம எப்பிடிங்க?"

கார் கியரில் நிற்கிறது, அது அசையாது என்று சொன்னேன். அவர் சில்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இது உங்களுடைய மலை இல்லை என்றும் சொன்னேன். இன்னொரு சொல்லும் சொன்னேன். அந்த மக்களைக் குறித்து அந்த நாளில் எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கிய ஒரு சொல். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. சொல்லிக்கொண்டே கல்லைக் காலால் தள்ளிவிட்டேன். அது இரண்டு தரம் புரண்டு புல்லுக்குள் போய் நின்றது. மாமி உள்ளேயிருந்து, ஏன்டா அது கிடந்தால் உனக்கென்ன என்றார். நான் காதில் விழாதவன்போல் திரும்பி இறங்கினேன்.

கானைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். முதுகுக்குப் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

திரும்பினால் கார் வருகிறது.

எஞ்சின் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா, மெதுவாக, என்னை நோக்கி வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் மாமியின் முகம். நான் கானைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையையும் பொனெற்றில் ஊன்றித் தள்ளினேன். அது என்னையும் தள்ளிக்கொண்டு வந்தது. செருப்பு வழுக்கியது. அப்போது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. மாமியால் கதவைத் திறக்க முடியாது.

அந்தப் பெண் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறார். ஈரத் துணிப்பொட்டலத்தை அப்படியே தூக்கி முன் சில்லுக்கடியில் எறிந்தார். கார் அதில் ஏறி ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்துக்குள் புல்லுக்குள் கிடந்த கல்லை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு ஓடிவந்து, துணிக்கு முன்னால் செருகிவிட்டார். சில்லு கல்லில் முட்டி, கார் குலுங்கி நின்றது. நான் கீழே பார்த்தேன். என் குதிகால் இரண்டும் தண்ணீருக்குள் நின்றன.

 மாமிதான் முதலில் பேசினார்.

"எனக்கு ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளையின்ர கையைப் பார்."

வலது கைச் சுட்டுவிரல் கல்லுக்கும் சில்லுக்கும் நடுவில் அகப்பட்டு, நகம் பாதி கிழிந்து இரத்தம் வடிந்தது. அவர் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கல் தேடிப் பின் சில்லுக்கும் வைத்துக்கொண்டிருந்தார்.

காருக்குள் தலையை விட்டுப் பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. றிவேர்ஸுக்குத் தடியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். காரோ மூக்குக் குத்தி நிற்கிறது. தடியின் தலையில் ஒரு குண்டு ஈயம். குளத்தைப் பார்ப்பதற்காக மாமி கொஞ்சம் திரும்பியிருக்கிறார். அந்த ஆட்டம் போதும். பாரம் தடியை முன்னுக்கு இழுத்து கியரைக் கழற்றிவிட்டது. பழைய கறுப்புக் குமிழ் அந்த வேலையை ஒருநாளும் செய்திராது. தானாகவே போய் விழுகிறது என்று முதல்நாள் நான் பெருமைப்பட்டேனே, அந்த இலகுதான் இது.

அக்கா, எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா என்று வந்தது அப்போதுதான்.

"எங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்து லொறி வந்து நின்னா கல்லு வைக்கிறது சின்னப் புள்ளைங்க வேலைங்க. யாரும் சொல்லமாட்டாங்க. நாங்களே ஓடிப்போயி வச்சிருவோம்." விரலில் சுற்றிய தலைப்பை இறுக்கினார். "ஒருக்கா வைக்கல."

  நான் கல்லைத் தள்ளிய பிறகும் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போயிரலாமுன்னுதான் நெனச்சேன். உள்ள அம்மா கால நீட்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க தண்ணி மொண்டுக்கிட்டு வர்ற வரைக்கும் நிப்போமேன்னு நின்னேன்."

காரைக் கட்டுக்கு ஏற்ற அரை மணித்தியாலம் ஆனது. நான் ஒரு கையால் தடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி முழம் முழமாகக் காரைப் பின்னெடுக்க, அவர் கல்லைத் தூக்கித் தூக்கி முன் சில்லோடு கூடவே வந்தார். காயப்பட்ட விரலை மட்டும் தனியே நீட்டி வைத்துக்கொண்டு. மேலே வந்ததும் போகப் பார்த்தார். மாமி விடவில்லை. ஆசுபத்திரிக்குத்தானே போகிறோம், ஏறு என்று அதட்டி முன் இருக்கையில் ஏற்றினார். போகிற வழியில் இருவரும் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கதைத்துக்கொண்டே வந்தார்கள்.  அன்று ஆசுபத்திரியில் ஒரே வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவருக்குக் கட்டு வெட்டினார்கள், மற்றவருக்குக் கட்டுப் போட்டார்கள்.

பின்னேரம் ஐயா வயலால் வந்து கைகால் கழுவும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்றிருந்தது. குமிழ், ஈயம், கட்டில், உடைந்த பழைய குமிழ், குளம், கல் எல்லாம். ஏச்சு விழும், கார்ச் சாவி இனிமேல் கைக்கு வராது என்று நினைத்தேன். ஐயா எழும்பிப் போய் அந்தக் குமிழைத் திருகிக் கழற்றிக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கல்லை ஏன் தள்ளினனீ?"

குமிழைப் பற்றிக் கேட்டிருந்தால் என்னிடம் பத்து விளக்கம் இருந்தது. கை பிரேக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் ஐயாவிலேயே பாதிக் குற்றம் சொல்லியிருப்பேன். இதற்கு ஒன்றும் இல்லை.  அவர் திரும்பக் கேட்கவில்லை. மறுநாள் காலை அம்மா எடுத்துத் தந்த இரண்டு சேலையோடு ஐயாவும் நானும் அந்த அக்காவின் கொட்டில் வீட்டுக்கு நடந்து போனோம். ஐயா கை பிரேக்கும் திருத்தினார். கியர் தடி மட்டும் கன காலம் மொட்டையாகவே நின்றது. வேறு குமிழ் பூட்ட நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஆறு வருடமாகிறது. அந்தக் கார் இப்போது எங்களிடம் இல்லை. குளக்கட்டால் நினைத்த நேரம் போய்வரும் காலமும் இல்லை. முட்ட நின்ற அந்தக் குளமும், மிளகாய் மணக்கும் அந்தப் பின் இருக்கையும், மாமியின் சிரிப்பும் சில நேரம் ஒன்றாக நினைவில் வரும். எனக்கு இப்போது இயந்திரங்களோடுதான் சீவியம். வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது வந்து, இதையும் கொஞ்சம் பாருங்கோ என்று சொன்னால், இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு இன்றைக்கும் முதலில் வரத்தான் செய்கிறது. கூடவே ஐயாவின் அந்தக் கேள்வியும் வந்துவிடும். அதற்கு இன்னும் என்னிடம் மறுமொழி இல்லை. அதனால்தான் பேசாமல் குனிந்து, அவர் காட்டிய இடத்தைப் பார்க்கிறேன்.