வாயில் ஊசி வைத்திருந்தவள்

தெருமுனையில் தையற்காரியின் செருப்புச் சத்தம் கேட்டதுமே அந்த வீட்டில் டி.வி. வாயை மூடிக்கொள்ளும். கணவர் பாத்திரத்தைப் பூப்போல வைப்பார். மகள் விரல் நுனியில் நடப்பாள். அம்மாவுக்குத் தலைவலி! நேற்றும் அதேதான்! நெற்றியைச் சுற்றி யாரோ நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டது போன்ற வலி. சாயங்காலமானால் தப்பாமல் வந்துவிடும். கைப்பையில் மாத்திரை அட்டைதான் காலியாகுமே தவிர, வலி காலியாகாது.

ஒருநாள் பள்ளிக்கூட டீச்சர் போன் செய்தார்.

"நாடகத்துல உங்க பொண்ணுக்கு ராஜா வேஷம் குடுத்திருக்கோம். அவ 'யாரங்கே'ன்னு சொல்றது முதல் வரிசைக்கே கேக்கலைங்க. அடுத்த மாசம் ஒத்திகை. அதுக்குள்ள சரியாகலேன்னா வேற பிள்ளையத்தான் போடணும்."

போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "சத்தமா சொன்னா என்னடி?"

"உனக்கு வலிக்குமேம்மா," என்றது குழந்தை, கிசுகிசுப்பாக.

ஐயோ! தன் தலைவலி பெற்ற பிள்ளையின் குரல்வளையை அல்லவா நெரித்துக்கொண்டிருக்கிறது!

மறுநாள் பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தையல் கடையிலிருந்து டாக்டரிடம் ஓடினாள். டாக்டரம்மா கழுத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்திப் பார்த்தார்.

"வாயைத் திறங்க."

"ஒரு நிமிஷம் டாக்டர்." கடைவாயிலிருந்து இரண்டு குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதோடயா பஸ்ல வந்தீங்க?"

"இருக்கறதே தெரியல டாக்டர்."

"நாள் பூரா ஊசியக் கடிச்சிக்கிட்டு, தலையக் குனிஞ்சே தைக்கிறீங்க. தாடையும் கழுத்தும் கல்லாட்டம் கிடக்கு. வலிக்காம என்ன செய்யும்? தினம் மாத்திரை போட்டா அதுவே வலியக் கூட்டும். நான் சொல்ற மாதிரி குறைங்க. உதடு மூடியிருக்கட்டும், பல்லோட பல்லு ஒட்டக் கூடாது. அப்பப்ப எந்திரிச்சுத் தோளைச் சுத்துங்க."

சொல்வது சுலபம்! ஊசி குத்தும் பஞ்சு மெத்தையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கையோ பழக்கத்தில் வாய்க்கே போனது. ஊசி இல்லாமலும் பல் நறநறத்தது. மாத்திரையைக் குறைத்த முதல் வாரம் வலி உயிரை எடுத்தது. இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், தோளைச் சுற்றினாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"என்னக்கா, ஸ்டூல்ல எறும்பா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

வீட்டில் கணவர் வெந்நீரில் நனைத்த துண்டை அவள் கழுத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "வாயில ஊசி இருந்த வரைக்கும் நான் திட்டு வாங்காம இருந்தேன்."

வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் சில சாயங்காலங்களில் அது வழி மறந்து வேறெங்கோ போய்விட்டது.

ஒத்திகைக்கு முந்தின மாலை. மகளை ஸ்டூல்மேல் நிறுத்தி, ராஜா அங்கியின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் நாடா லேசாக இறுகியது. இன்றைக்கா வரவேண்டும்! பயத்தோடு தாடையைத் தளர்த்தினாள்.

"சொல்லுடா ராஜா."

"யாரங்கே."

"கேக்கல."

"யாரங்கே..."

"அடுப்படியில அப்பாவுக்குக் கேக்கணும்."

குழந்தை அம்மாவின் நெற்றியையே பார்த்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"யாரங்கே!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கணவர் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். "வந்தேன் மன்னா! யாரை வெட்டணும்?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தாள். பழைய நாளாயிருந்தால் ஊசியை விழுங்கியிருப்பாள்!

நெற்றியைத் தொட்டுப் பார்த்த மகளின் சின்னக் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"இன்னொரு தடவை," என்றாள். "இன்னும் சத்தமா."