லூர்துமேரி டீச்சரின் கூச்சமற்ற கேள்வி

செய்தியைக் கொண்டு வந்தவர் ஆவூர் பஸ்ஸின் கண்டக்டர். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தச் செய்து, இறங்காமலே குனிந்து சொன்னார்: "தையல் டீச்சர், ஒங்க லூர்துமேரி டீச்சர் தூக்கத்துலயே போயிட்டாங்க. மார்வலின்னாங்க." வண்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண், "அந்தப் பழைய புத்துதான் திரும்பிருச்சாக்கும்" என்றாள். இல்லை. நம் மாதர் சங்கத்துச் சகோதரிகள் பலரும் அதையே கேட்கிறீர்கள். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன். குடலில் வந்த அந்தப் புற்றை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வென்றுவிட்டார். இறுதியில் நின்றது இதயம்.

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின்னர் எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர் அவர். நான் அங்கே தையல் கற்பிப்பவள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அமர்ந்து படிக்காமல், எழுத்துக் கூட்டியே இந்த நடையை ஈட்டியவள். என் வாக்கியங்களின் நீளத்தைப் பார்த்து, "டீச்சர், இதுல ரெண்டு ரவிக்கை தைக்கலாம்" என்று சிரித்த ஒரே மனிதர் அவர்தாம்.

நோய் கண்ட ஆண்டின் தபசு காலத்தில் அவர் மெலிந்தார். கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் உபவாசம் காக்கும் காலம் அது. அவரோ முன்னெப்போதையும்விடக் கடுமையாகக் காத்தார். மதியச் சோற்றைத் தொடுவதில்லை. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கும்படி என்னிடம் மீண்டும் மீண்டும் கொணர்ந்தார். என்ன பக்தி என்று நாங்கள் அனைவரும் வியந்தோம். மலத்தில் இரத்தம் கலந்து போவதை அவர் யாரிடமும் கூறவில்லை. மூலம் என்று தாமே முடிவுசெய்து, கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் உண்டுகொண்டிருந்தார். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, இடையிடையே முறுக்கிப் பிடிக்கும் வலி. அனைத்தையும் உபவாசத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஈஸ்டர் விருந்துக்கு என்னைத் தம் சொந்த ஊரான ஆவூருக்கு அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, வெளியே திருவிழாக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் பாயில் சுருண்டு கிடந்தார். வயிறு தம்பட்டம்போல் விறைத்திருந்தது. காற்றும் பிரியவில்லை. அவர் தங்கை அந்தோணியம்மாள் கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்துடன் நின்றிருந்தார்.

"ஒரு தரம் குடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. இன்னொருக்கா குடுத்தா எறங்கிரும்."

லூர்துமேரி டீச்சர் என் கையைப் பற்றினார். "வேணாம்னு சொல்லுங்க டீச்சர். உள்ள ஏதோ பூட்டிக்கிச்சு."

வாடகைக் கார் கூட்டத்தைப் பிளந்து வெளியேறுவதற்குள் அவர் பச்சையாக வாந்தியெடுத்தார். நகரத்து மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பேதிக்குக் குடுத்தீங்களா?" தங்கை தலையசைத்தார். "அடைச்சுக் கெடக்கிற வாய்க்கால்ல மடையத் தொறந்து விடுவீங்களாம்மா? கொடல் ஒடைஞ்சிருந்தா இங்க கொண்டு வந்திருக்கவே வேண்டாம்."

அன்றே கத்தி வைத்தார்கள். அடைப்புக்கு மேலே பெருங்குடலின் ஒரு வளைவை வயிற்றின் வெளிப்புறம் கொணர்ந்து, அதில் வாய் திறந்துவிட்டார்கள். மலம் அவ்வழியே வெளியேறியது, வயிறு தணிந்தது, உயிர் தங்கியது. சில நாள்களில் கஞ்சி குடித்தார், சிரித்தார். ஆபத்தே அங்குதான் இருந்தது. எல்லோரும் அவர் பிழைத்துவிட்டதாக எண்ணினோம்.

"நல்லாத்தான இருக்கா! வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் தங்கை. "வயித்துல துணியைக் கட்டிட்டாவது இருக்கட்டும். மறுபடி எதுக்குக் கத்தி?"

மருத்துவர் தம் சுட்டுவிரலைச் சுற்றி மற்றொரு கையின் விரலால் வளையமிட்டு இறுக்கிக் காட்டினார். "இடப்பக்கக் குடல்ல கட்டி இப்படிச் சுத்திப் பிடிச்சிருக்கு. அது இன்னும் உள்ளதான் இருக்கு. நாங்க செஞ்சது வழி விட்டது மட்டும். இனிமே அந்தத் துண்டைப் பக்கத்து நெணநீர்க் கட்டிகளோட வெட்டி எடுத்து, ரெண்டு நுனியையும் தைக்கணும். அது ஆறுன பெறகு, வயித்து வாயை மூடணும். இப்ப விட்டா ஈரலுக்குப் போயிரும்."

தங்கை அழுதார்.  லூர்துமேரி டீச்சர் கேட்டார்: "பொழைப்பேனாங்க?"

"சொல்ல முடியாதும்மா. விட்டா பொழைக்க மாட்டீங்க. அதை மட்டும் சொல்ல முடியும்."

"அப்ப சொல்ல முடியாததுக்கே கையெழுத்துப் போடுறேன்."

இரண்டாம் அறுவை முடிந்து கதவு திறக்கும்வரை நானும் தங்கையும் வாசலிலேயே காத்திருந்தோம். கட்டி முழுமையாக வந்தது. தையல் பிடித்தது. இரு நுனிகளைக் கசியாமல் இணைப்பதன் அருமையைத் தையற்காரி நான் அறிவேன். துணி கிழிந்தால் மறுபடி தைக்கலாம். வயிற்று வாயும் மூடப்பட்டபின் அவர் பள்ளிக்குத் திரும்பினார்.

திரும்பியவர் வேறொருவர். "பசியே இல்லாதவ உபவாசம் இருந்ததுல என்ன பெருமை?" என்று தம்மையே நகைத்துக்கொள்வார். தையல் வகுப்புக்கு வரும் தாய்மார்களிடம் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "வெளிக்கு ஒழுங்காப் போகுதா? ரத்தம் கலந்து வருதா?" என்பார். "இந்த டீச்சர் ஊரைக் கேக்காது, வயித்தைத்தான் கேக்கும்" என்று பெண்கள் முந்தானையால் வாய்பொத்திச் சிரிப்பார்கள். முறையான சொற்களையே விரும்பும் நான், இதைச் சற்று நாகரிகமாகக் கேட்கலாகாதா என்றேன். "நாகரிகமாக் கேட்டா நாகரிகமாப் பொய் சொல்லுவாங்க" என்றார்.

லூர்துமேரி டீச்சரின் அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தோணியம்மாள் என் அருகில் அமர்ந்தார். போன கிறிஸ்துமஸுக்கு நான் அளவெடுத்துத் தைத்த கறுப்பு ரவிக்கை, அவர் தோளில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் துக்கம் ஆளை உருக்கிவிட்டது என்றாள் ஒருத்தி. ஒரே நாள் துக்கத்தில் தோளளவு குறையாது.

இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு கூச்சமான ஒரு வாக்கியத்தை நான் உச்சரித்ததில்லை. கூட்டத்தின் நடுவே, அவர் காதருகே கேட்டேன்: "வெளிக்கு ஒழுங்காப் போகுதா அந்தோணி? ரத்தம் கலந்து வருதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அக்காகிட்ட சொன்னா உடனே இழுத்துட்டுப் போயிருவாளேன்னுதான் டீச்சர்…" என்றார்.

இந்த அஞ்சலியைத் தபாலில் சேர்த்துவிட்டு, அந்தோணியம்மாளோடு நகரத்து மருத்துவமனைக்குப் புறப்படுகிறேன். என்ன சொல்வார்களோ, அறியேன். லூர்துமேரி டீச்சர் எனக்கு விட்டுச்சென்றது அந்தக் கேள்வி ஒன்றே. இனி அதை நான் கேட்பேன், அவர் சொற்களிலேயே.