கொட்டாஞ்சேனைக்கு நடந்து போனவர்

பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் மெசின் ஒன்றுக்காகப் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உடம்பில் பட்டி கட்டி மேலிருந்து தாங்கிப் பிடிப்பார்கள். காலடியில் ட்ரெட்மில் ஓடும். எனக்கு முன்னால் வயதான ஒருவரின் முறை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், அசையாத இடது கையில் கடிகாரம்.

எங்கே போகிறார் என்று சொல்லாமல் அவர் ஓரடியும் எடுத்து வைக்கமாட்டார். "சந்தியில பஸ்ஸால இறங்கி வீட்டுக்குப் போறன் மிஸ்" என்பார், பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம். முன்னாலிருந்த திரையில் ஏதோ வெளிநாட்டுக் காட்டுப்பாதை ஓடும். "அந்தப் பக்கம் எனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் நேரம் முடிந்ததென்று மிஸ் மெசினை நிறுத்தப் போனார்.

"இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கு. நடு ரோட்டில விட்டிடாதேங்கோ."

மிஸ் என்னைப் பார்த்தார்.

"போய்ச் சேரட்டும்" என்றேன். சலிப்போடுதான் சொன்னேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். சக்கர நாற்காலியோடு காத்து நின்ற மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ. அப்பாட வீடு கொட்டாஞ்சேனையில, மூண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. இந்த வருத்தம் வந்து கால் ஏலாமப் போன பிறகு எங்களோட கிருலப்பனையிலதான்."

மிஸ் பட்டியைக் கழற்றும்போது அவர் கேட்டார்: "இந்த மெசினில படி ஏற ஏலாதோ?"

"ஏலாது ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நாளைக்கும் வாசல் வரைக்கும்தான்."