பொன்னேரியில் யாரும் தொடாத தட்டு

முதல்ல ஒரு சாரி.

இந்த குரூப்ல எல்லாரும் எழுதறதைப் படிச்சுட்டு, லைக் போட்டுட்டு, சத்தமில்லாமப் போயிடறவ நான். இன்னைக்கு இவ்வளவு நீளமா எழுதறேன். பொறுத்துக்குங்க.

அன்னைக்கு அந்தத் தட்டை யாருமே தொடலை!

எழுபதுகள்ல நடந்தது. பொன்னேரியில காலேஜ் முடிச்சுட்டு, ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு, பள்ளிப்பட்டுல எங்க வீட்டோட இருந்தேன். எங்க குடும்பத்துல முதல் டிகிரி நான்தான். (ரெண்டாவது வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.)

கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில கிளார்க் வேலை கிடைச்சுது.

நைனா (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"தங்கறதுக்கு நல்ல குடும்பமா ஒரு ஊடு இருந்தா வேலைக்குப் போ. இல்லன்னா டிகிரிய பொட்டில வெச்சிட்டு என்கூட கயினிக்கு நாத்து நட வா."

எனக்குத் தெரிஞ்ச ஒரே வீடு கஸ்தூரி வீடு. காலேஜ்ல என் பக்கத்துல உக்காந்தவ. பழவேற்காட்டுல மீன் பிடிக்கிற குடும்பம். வியாபாரத்துக்காகப் பொன்னேரியில வந்து இருந்தாங்க. அங்கே இருந்து ரயில்ல வேலைக்குப் போய் வந்துடலாம்.

அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். 'உங்க வீட்ல தங்கிக்கட்டுமா'ன்னு எழுத ஒரே கூச்சம். அதனால, 'நைனாவும் மாமாவும் வர்றாங்க, உங்க அம்மாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்'னு மட்டும் எழுதினேன்.

(பேஜாரு இங்கதான் ஆரம்பிச்சுது!)

மாமாவோட லாரி. பின்னாடி வெல்ல லோடு, முன்னாடி நாங்க மூணு பேர். திருவள்ளூர், பெரியபாளையம், அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஆரணின்னு குலுங்கிக்கிட்டே வந்தோம். அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நான் கும்மிடிப்பூண்டியில வேலைக்குச் சேரணும்.

பொன்னேரி கடைத்தெருவுல நைனா வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் யார் வீட்டுக்கும் வெறுங்கையோட போனதே இல்லை. பையில இருந்து எவர்சில்வர் தட்டு வெளிய வந்தது. வாழைப்பழம், தேங்காய், வெத்தலை பாக்கு, மேல ரெண்டு முழம் மல்லி.

கஸ்தூரி வாசல்லயே ஓடி வந்து கட்டிப் பிடிச்சா. அவங்க அம்மா முதல்ல தட்டைப் பார்த்தாங்க. அப்புறம் மாமாவைப் பார்த்தாங்க. அப்புறம் என்னை, தலையில இருந்து கால் வரைக்கும்.

நைனா தட்டை நீட்டினார்.

"அப்டி கீழ வெய்யுங்கண்ணே. ஊட்டுக்காரு பழவேற்காடு போய்க்கீறாரு. வந்துடட்டும்."

வெச்சார். யாரும் எடுக்கலை.

டீ வந்தது. வஞ்சிரம் வறுத்து வந்தது. சிரிப்பு வந்தது. தட்டு மட்டும் அதே இடத்துல!

"மீன் ஆய வருமா கண்ணு?"ன்னு கஸ்தூரி அம்மா கேட்டாங்க.

வரும்னு தலையாட்டினேன். (தங்க வர்றவளுக்கு எதுக்கு இந்தப் பரீட்சை?)

கஸ்தூரி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கிட்டுப் போய் கன்னத்தைக் கிள்ளினா.

"கள்ளி! இத்தினி நாளா மனசுல வெச்சிக்கினு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. வேலை கிடைச்சதுக்கா இவ்வளவு குஷி?

திரும்பினா, பின்கட்டுல அவ அண்ணன். ஒரு கன்னத்துல சோப்பு நுரை, கையில ரேசர். என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னாடி மறைஞ்சார். பகல்ல எதுக்கு இவர் அவசரமா ஷேவ் பண்றார்? அதுவும் புரியலை.

கூடத்துக்கு வந்தா நைனா முகம் சுண்டிப் போயிருந்தது. வெளிய லாரியில மாமா ஹாரன் அடிக்கிறார். நைனா என் காதுகிட்ட குனிஞ்சார்.

"நம்ம தட்டயே தொடமாட்டேங்கறாங்க. நம்ம பொண்ண எப்டிமா பாத்துப்பாங்க? கெளம்பு, ஊருக்குத் திரும்பிடலாம்."

அவ்வளவுதான். வேலை போச்சு!

நைனா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்தார். உடனே கஸ்தூரி அம்மா பதறிட்டாங்க.

"கோச்சிக்காதீங்கண்ணே! ஆம்பள இல்லாத நேரத்துல நான் தட்டு வாங்கினா, வாக்கு குடுத்த மாதிரி ஆயிடும். எங்க வழக்கத்துல அப்பறம் மாத்த முடியாது. பையன் இதோ சட்ட மாத்திக்கினு வர்றான், ஒரு தபா பாத்துட்டாச்சும் போங்க!"

பையனா?

நைனா என்னைப் பார்த்தார். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவ வெக்கப்பட்டா! (நான் படவேண்டியதை அவ பட்டுட்டு இருந்தா.)

காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்கே சத்தமா பதில் சொல்லாதவ நான். அன்னைக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

"ஐயோ அம்மா, நான் கல்யாணத்துக்கு வரலம்மா! உங்க ஊட்ல தங்கிக்கினு வேலைக்குப் போவட்டுமான்னு கேக்க வந்தேன்!"



கதவுக்குப் பின்னாடி இருந்து ஒரு குரல்: "அப்பாடா! தப்பிச்சேன்டா சாமி!"

(எனக்கு அப்ப ஏன் சுருக்குன்னு இருந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நானும்தானே தப்பிச்சேன்!)

கஸ்தூரி அம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? பூ வாடுதேன்னு நானும் பாத்துக்கினே கீறேன்!"

குனிஞ்சாங்க. ரெண்டு கையாலயும் தட்டை எடுத்தாங்க. மல்லியில பாதியைக் கிள்ளி என் தலையில வெச்சாங்க, மீதியை கஸ்தூரி தலையில.

நைனா திரும்ப உக்காந்தார். "இன்னொரு துண்டு மீன் இருக்குதாம்மா?"ன்னு கேட்டார்.

நாங்க கிளம்பும்போது தட்டைக் காலியா திருப்பித் தர அவங்களுக்கு மனசு வரலை. தட்டு நிறைய கருவாடு! கேபின்ல என் மடியிலதான் வெச்சுக்கிட்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆபீஸ்ல என்னைச் சுத்தி ஏன் நாலு நாற்காலி காலியா இருந்ததுன்னு உங்களுக்கே புரியும்.

கஸ்தூரி வீட்ல இருந்துதான் மூணு வருஷம் வேலைக்குப் போனேன். அவ இப்ப பெங்களூர்ல மகளோட இருக்கா. அந்த வீட்டை இடிச்சுக் கடை கட்டிட்டாங்க.

சரி, எதுக்கு இவ்வளவும் சொன்னேன்னா...

பள்ளிப்பட்டுல எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி. அவங்க குடும்பத்துல முதல் டிகிரி. கும்மிடிப்பூண்டியில வேலை கிடைச்சு, அடுத்த வாரம் சேரணும். அவங்க அப்பாவும் அதே கண்டிஷன்தான் போட்டிருக்கார்! அவளும் வாயைத் திறந்து கேக்க மாட்டா.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் அவளுக்கு ஒரு ரூம் குடுக்கற குடும்பம் யாராவது இருக்கீங்களா?

நானே கூட்டிக்கிட்டு வர்றேன். கையில தட்டும் இருக்கும்.

தயவுசெஞ்சு உடனே வாங்கிக்குங்க. ரூமுக்கு மட்டும்தான்!